ஜன்னலுக்கு நேரே ஓர் இடம்

மெக்சிகோவின் மெரிதா நகரில் காதலைச் சொல்லத் தெரியாத ஆண்களுக்கெல்லாம் வில்பெர்த்தோதான் வாய். கூலி கொடுத்தவன் பெண்ணின் ஜன்னலுக்கு நேரே நிற்பான். வில்பெர்த்தோ கிட்டார்காரன் கனுலோடு ஓரமாக மரத்தடியில் நின்று அவனுக்காகப் பாடி உருகுவான். ஜன்னல் திறந்தால் சம்மதம். எந்த வரியில் தொண்டை தழுதழுக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. பாவி மனுஷன், கட்டியவளுக்கு மட்டும் ஒரு வரி பாடியதில்லை.

"ஊருக்கெல்லாம் உருகுற. வீட்டுக்கு வந்தா மட்டும் வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன லிஹியா, அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். விடிந்தால் கான்கூனுக்கு பஸ் ஏறுகிறாள், ஓட்டல் வேலைக்கு. போனால் திரும்பமாட்டாள்.

அந்தி சாயும் நேரம் வில்பெர்த்தோ கனுலின் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்காக ஒரே ஒரு தடவை வாடா. அவ போயிட்டா நான் செத்தேன்."

அக்கா வீட்டின் முன் நின்று, தன்னிடமிருந்த பாட்டுகளிலேயே நல்லதைப் பாடினான். தெருவே வாசலுக்கு வந்து கேட்டது. ஜன்னல் திறந்ததும் அவனுக்குப் போன உயிர் வந்தது. எட்டிப் பார்த்தவளோ அக்கா மகள் மிர்னா. அவசரமாகத் தலைவாரி, பூ வேறு செருகியிருந்தாள். பின்னாலேயே லிஹியா வந்தாள்.

"நல்லாத்தான் பாடுற. மாப்பிள்ளை எங்க? இவ தேடுறா பாரு."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பழக்கதோஷத்தில் மரத்தடியிலேயே நின்றிருக்கிறான். ஜன்னலுக்கு நேரே யாருமில்லை.

"மாப்பிள்ளையெல்லாம் இல்ல, லிஹியா. நான்தான்."

"பாடுறது நீதான்னு தெரியுது. பாடச் சொன்னது யாரு?"

"முன்னால போய்த் தொலையேன்டா!" கனுல் அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினான்.

கூலி கொடுத்தவர்கள் எத்தனையோ பேர் நின்ற இடம். அங்கே போய் நின்றான். மறுபடி ஆரம்பித்தான். சுருதி எங்கேயோ போனது. இரண்டாவது வரி மறந்தேவிட்டது. மூக்கு ஒழுகியது. மிர்னா சிரிப்பை அடக்கமாட்டாமல் உள்ளே ஓடிவிட்டாள். கனுல் கிட்டாரை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"போகாத," என்றான் வில்பெர்த்தோ. "போயிடாத, லிஹியா."

மூடுவதற்காக ஜன்னல் கதவைப் பிடித்த அவள் கை அப்படியே நின்றது.

"இவ்வளவு கேவலமா நீ யாருக்கும் பாடினதில்ல," என்றாள்.