ஜெயகுமாரி அக்கா கல்லூரி பார்த்த கதை

பிளாஸ்டிக் பக்கெட் வாங்க வந்தால் ஜெயகுமாரி அக்கா முதலில் அதை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கீழே போடுவார். விலை கேட்பதெல்லாம் அதற்கப்புறம். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் துலுக்கானம், இவர் தெருமுனையில் வரும்போதே கண்ணாடிச் சாமான்களை உள்ளே நகர்த்திவிடுகிறார்.

"எக்கா, ஒடைஞ்சா நீதான் துட்டு குடுக்கணும்."

"ஒடைஞ்சா நீதான்யா எனக்குக் குடுக்கணும். ஊட்டுக்குப் போயி ஒடையற பக்கெட்ட இங்கியே கண்டுபுடிச்சிக் குடுத்தேன்ல?"

செருப்பு என்றால் இரண்டாக மடக்குவார். குடை என்றால் விரித்து, காற்று திருப்புவதுபோல் வெளிப்பக்கமாகத் திருப்புவார். மகள் ரெனிதாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது வந்த பையன்களின் காப்பியில் உப்பைப் போட்டுக் கொடுத்தார் என்று எங்கள் குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. கேட்டால் மறுக்க மாட்டார். "மொதல்ல வந்தவன் முழுசாக் குடிச்சிட்டு 'சூப்பரா கீது'ன்னான். பொய்யன். அடுத்தவன் 'இன்னா ஆன்ட்டி, உப்பு'ன்னு சிரிச்சான். அவனுக்குக் குடுத்துட்டேன்." ரெனிதா இப்போது ஓசூரில் நன்றாகத்தான் இருக்கிறாள்.

இது அவருடைய தொழிலில் இருந்து ஒட்டிக்கொண்ட புத்தி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கான ரப்பர் வளையம் செய்யும் ஒரு கம்பெனியில், பரிசோதனை மேசையில் உட்கார்ந்தே அவருக்குப் பாதி முடி நரைத்துவிட்டது. லாட் என்று வரும் ஒவ்வொரு சரக்குக் குவியலிலும் சில வளையங்களை எடுத்து அறுந்துபோகும்வரை இழுப்பார். எவ்வளவு தூரம் தாங்குகிறதோ, அதை வைத்து மற்றவற்றின் தலையெழுத்து. மேசையின் இடப்பக்கம் ரிஜெக்ட் டப்பா. கைப்பையில் எப்போதும் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல். அதை வைத்து ஓட்டல் வடையின் ஓட்டையை அளப்பார். ஒருமுறை கோயில் மெழுகுவத்தியை அளந்து, "ஃபாதர், போன வருசம் இதவுட தடியா இருந்துச்சு" என்று பூசை முடிந்த கையோடு சொன்னார். ஃபாதர் அன்றைக்கு எல்லோரையும் சற்று வேகமாக ஆசீர்வதித்தார்.

அதே ஃபாதர்தான், ஆள் தட்டுப்பாட்டினாலோ வேறு எதனாலோ, கோயில் பங்கில் கல்யாணம் நிச்சயமான ஜோடிகளுக்கு நடக்கும் தயாரிப்பு வகுப்பில் 'கணவன் மனைவி உரையாடல்' என்ற பகுதியை இவரிடமும் இவருடைய கணவர் இருதயராஜ் அண்ணனிடமும் ஒப்படைத்தார். அண்ணன் பாடிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத்து மெஷின் ஓட்டுபவர். லேத்துச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. அவர் ரகசியம் சொன்னால் மேல்மாடியில் எனக்குக் கேட்கும்.

வகுப்பில் அக்கா ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ரப்பர் வளையம் கொடுப்பார். ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து இழுக்கச் சொல்வார். யாராவது ஒருவர் பயந்துபோய் விட்டுவிடுவார். மற்றவர் "ஐயோ" என்று கையை உதறுவார். "பாத்தீங்களா? உட்டவனுக்கு ஒண்ணும் ஆவல. புடிச்சிகினு கீறவனுக்குத்தான் அடி. அவ்ளோதான் கல்யாணம். போயி டீ குடிங்க." பங்கில் மிகவும் பிரபலமான வகுப்பு அதுதான்.

பிரபலம்தான் வினையாயிற்று. கல்யாணம் ஆன ஜோடிகள் சண்டையைத் தூக்கிக்கொண்டு அக்காவின் வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள். அப்படி வந்தவர்கள் ஸ்வீட்லினும் அபிஷேக்கும். அக்கா அந்தப் பெண்ணிடம், "நாலு நாள் அம்மா ஊட்ல இருந்துட்டு வா, அவனுக்கு அரும தெரியட்டும்" என்றார். அவள் போனாள். திரும்பி வரவில்லை. விவகாரம் இப்போது பூந்தமல்லி கோர்ட்டில் இருக்கிறது.

"இழுத்துப் பாத்தேன், அறுந்துபோச்சு" என்றார் அக்கா என்னிடம். "ரப்பரா இருந்தா டப்பால போட்டுட்டு அடுத்ததப் பாக்கலாம். மனுசாளுக்கு இன்னா டப்பா வெக்கறது? நான் படிக்கணும் பாப்பா. இதுக்குன்னு படிப்பு கீதாமே."

இருந்தது. திருமண, குடும்ப ஆலோசனையில் முதுநிலைப் பட்டம், இரண்டு வருடம். அக்கா தபாலில் பி.ஏ. முடித்திருந்ததால் விண்ணப்பிக்கத் தடையில்லை. தடை வேலையில் இருந்தது. வகுப்பு வாரநாட்களில் நடக்கும் என்பதால் கம்பெனியை விட்டாக வேண்டும். விட்டால் திரும்ப முடியாது. நிரந்தர ஆட்கள் எப்போது எழுந்து போவார்கள் என்று அந்த நாற்காலிகளுக்குப் பக்கத்திலேயே ஒப்பந்த ஆட்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கல்லூரி ஓட்டை பக்கெட்டாக இருந்தால் வேலையும் போய், படிப்பும் போய், நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே சோதித்துத்தான் வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. எனக்கு இரண்டு மொழியும் படிக்க வரும் என்பதால் நானும் சேர்த்துக்கொள்ளப்பட்டேன்.

கல்லூரிகளின் இணையதளங்களை நான் வாசிக்க வாசிக்க அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"ஹோலிஸ்டிக்னா இன்னா?"

"முழுமையானதுன்னு அர்த்தம் அக்கா."

"வேர்ல்டு கிளாஸ்னா?"

"உலகத்தரம்."

"எல்லா பக்கெட்லயும் அதான் எழுதிகீது. படத்தக் காட்டு." படத்தில் வெள்ளைக்கார மாணவர்கள் புல்வெளியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். "ஆவடில இவ்ளோ புல்லு எங்க கீது? எரும உட்ருக்குமா? மூடி வை."

அக்காவின் திட்டம் வேறு. என்னையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கு நேரில் போவது. துறைத்தலைவரின் எதிரில் உட்கார்ந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவது. வாத்தியார் என்ன செய்கிறார் என்று பார்ப்பது. "சண்டய வெச்சிப் பொழைக்கற படிப்பு. ஒரு சண்டயத் தாங்கலன்னா அது இன்னா படிப்பு?" நேர்மையான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது. இன்னொரு விதியும் வைத்தார். லாட் பாஸ் ஆகிறவரை ஃபீஸ், வகுப்பு நேரம் எதையும் விசாரிக்கக் கூடாது. பிடித்துப்போய்விட்டால் கண் மறைத்துவிடுமாம்.

சண்டைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் மின்விசிறி. கல்யாணமான புதிதில் இருவரும் நிஜமாகவே போட்ட சண்டை அது. அண்ணனுக்கு ஐந்தில் ஓட வேண்டும், அக்காவுக்கு இரண்டில். இப்போது அந்த ரெகுலேட்டர் கெட்டு, வருடக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடுகிறது. இருந்தாலும் வசனம் எல்லாம் நினைவிருந்தது. அவர் வியர்வையைச் சொல்வார். இவர் கரண்ட் பில்லைச் சொல்வார். அவர் மாமியார் வீட்டை இழுப்பார். இவர் கண்ணைத் துடைப்பார். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவார். ஒத்திகை சமையலறையில் நடந்தது. பார்வையாளர் நான் ஒருத்திதான். அண்ணன் இவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் பார்த்ததேயில்லை. காய்ச்சலுக்கு லீவு போடாத மனிதர், இதற்காகச் சனிக்கிழமைகளில் அரைநாள் லீவு போட்டார்.

முதல் கல்லூரி பூந்தமல்லிக்குப் பக்கத்தில். துறைத்தலைவருக்கு டை இருந்தது. சண்டை மாமியார் வீட்டை எட்டுவதற்குள் அவர் மணியடித்து, "இவங்களுக்கு ப்ராஸ்பெக்டஸ் குடு" என்றார். சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவர் கையிலும் ஆளுக்கொரு வழவழப்பான புத்தகம் வந்தது. அண்ணன் பழக்கதோஷத்தில் "தேங்க்ஸ் சார்" என்றுவிட்டார்.

"ரிஜெக்ட்" என்றார் அக்கா, பஸ்ஸில்.

இரண்டாவது, ஆவடிப் பக்கம். அங்கே இருந்தது ஓர் இளம் விரிவுரையாளர். பாவம், நல்ல பிள்ளை. சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னார்.

"ராவெல்லாம் வேர்த்து ஊத்துது மேடம்!" என்று அண்ணன் கர்ஜித்தார்.

"ராத்திரியில வேர்க்குதுன்னு நீங்க ஃபீல் பண்றீங்க."

"ஃபீல் பண்ணல மேடம், வேர்க்குது."

"வேர்க்குதுன்னு சொல்றீங்க."

"ஆமாம்மா, அதத்தான் சொல்லிகினு கீறேன்!"

அக்கா கண்ணைத் துடைத்ததும் அந்தப் பெண் எழுந்து வந்து தோளைத் தொட்டு, "சார், நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணலாமே" என்றார். அக்காவின் முகம் சுண்டிவிட்டது. படியிறங்கும்போது சொன்னார்: "எடுத்த எடுப்பில என் பக்கம் சாஞ்சிட்டா. நானும் அந்த ஸ்வீட்லினுக்கு அதத்தான் செஞ்சேன். அது எனக்கே தெரியுமே, அதுக்கு ரெண்டு வருசம் எதுக்கு?"

மூன்றாவது கல்லூரி வேப்பம்பட்டு ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம். அதோடு பார்க்கக் கல்லூரிகளும் தீர்ந்தன, வேலையை விடுவதாகக் கம்பெனியில் சொல்லவேண்டிய கெடுவும் நெருங்கிவிட்டது. ரயிலில் அக்கா ஸ்கேலை எடுப்பதும் பைக்குள் போடுவதுமாக இருந்தார். அண்ணன் மட்டும் புதுச் சட்டை போட்டு, கல்யாணத்துக்குப் போகிறவர்போல் வந்தார். "இன்னிக்கி நாற்காலியக் கொஞ்சம் பலமாத் தள்றேன்மே" என்றார். அக்கா ஜன்னலைப் பார்த்தபடி "ம்" என்றார்.

அங்கே துறைத்தலைவர் பெயர் கிருஷ்ணப்பிரியா. சின்ன அறை, ஒரு மேசை, மேசைமேல் செய்தித்தாளில் கொட்டிய வறுத்த வேர்க்கடலை. "உக்காருங்க" என்று கடலையை நடுவில் நகர்த்தி வைத்தார். சண்டை தொடங்கியது. அவர் குறுக்கே பேசவில்லை, முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொரு கடலையாக உரித்துத் தின்றபடி, டென்னிஸ் பார்ப்பதுபோல் இங்கும் அங்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உரிக்கும் சத்தத்தில் அக்காவுக்கு வசனம் தவறிவிட்டது.

அண்ணன் தன் வரியை மறுபடி சொன்னார். அக்கா விழித்தார். அண்ணன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, தன் லேத்துத் தொண்டையில் ரகசியமாகச் சொன்னார்:

"கரண்ட் பில்லு. கரண்ட் பில்லு சொல்லுமே!"

வராந்தாவில் போன இரண்டு மாணவிகள் திரும்பிப் பார்த்தார்கள். கிருஷ்ணப்பிரியா சிரித்த சிரிப்பில் கடலை புரையேறிவிட்டது. அண்ணன்தான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"இது எத்தனாவது காலேஜ் சார்?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"மூணாவது மேடம்" என்றார் அண்ணன், ஒரு பெருமையோடு.

"நல்லா பண்றீங்க. வீட்ல இந்தச் சண்டையில யாரு ஜெயிப்பீங்க?"

அண்ணனும் சிரித்தார். பிறகு சிரிப்பு தானாக அடங்கியது. ஒரு கடலையை எடுத்து, உரிக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஊட்ல ஏது மேடம் சண்ட. பொண்ணு ஓசூர் போனதுலேர்ந்து பேச்சே கெடையாது. சோறு துன்னியா, துன்னேன். மாத்திர போட்டியா, போட்டேன். அதுவும் டிவியப் பாத்துகினே கேக்கும்." அவர் குரல் இவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. "இப்டி காலேஜுக்கு வந்தாத்தான் மேடம் இது என் மூஞ்சியப் பாத்துப் பேசுது. அதுக்கோசரம்தான் வரேன். எந்தக் காலேஜா இருந்தா எனக்கு இன்னா."

அக்காவின் கையில் ஸ்கேல் இருந்தது. அதை விரலிடுக்கில் வளைத்தார், விட்டார், மறுபடி வளைத்தார். கிருஷ்ணப்பிரியா யார் பக்கமும் சாயவில்லை. "எப்படி ஃபீல் பண்றீங்க" என்று கேட்கவில்லை. கடலையைத் தின்பதை மட்டும் நிறுத்தியிருந்தார். வெளியே ஏதோ ஒரு வகுப்பு முடிந்து கூட்டம் சலசலத்துப் போய் ஓய்ந்தது. அவர் அதையும் போகவிட்டார். எனக்குத்தான் எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

கடைசியில் அக்கா தொண்டையைச் செருமினார்.

"கிளாஸ் எத்தினி மணிக்கு மேடம்?"

"பத்து மணிக்கு" என்றார் கிருஷ்ணப்பிரியா. "லேட்டா வந்தா வெளியதான் நிக்கணும்."

திரும்பி வரும்போது மத்தியான ரயில். பெட்டியில் கூட்டமில்லை. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, தப்பாக ஏதோ பேசிவிட்ட பையனைப்போல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். புதுச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. வழக்கமாக அவருக்குப் பக்கத்தில் உட்காரும் அக்கா, எதிர் இருக்கையில் என் அருகே உட்கார்ந்திருந்தார். திருநின்றவூர் போயிற்று, நெமிலிச்சேரி போயிற்று. அண்ணனின் தலைக்கு மேலே கம்பிக்கூண்டுக்குள் மின்விசிறி உறுமிக்கொண்டு, சுற்றாமல் நின்றது. இந்த ரயில்களில் சில விசிறிகள் அப்படித்தான். யாராவது சீப்பையோ பேனாவையோ விட்டு ஒரு தள்ளு தள்ளினால் ஓடும்.

பட்டாபிராம் தாண்டியதும் அக்கா எழுந்தார். செருப்பைக் கழற்றினார். ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆடும் ரயிலில், அண்ணனுக்குப் பக்கத்து இருக்கையின்மேல் ஏறி நின்றார். ஸ்டீல் ஸ்கேலைக் கூண்டுக்குள் நுழைத்து இறக்கையை ஒரு தள்ளு தள்ளினார். விசிறி ஒருமுறை திணறி, பிறகு பிடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. அவர் இறங்கவில்லை. கம்பியைப் பிடித்தபடியே குனிந்து, அண்ணனின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"இன்னாயா, காத்து வர்தா?"