பூச்சி சாரின் பதினேழு பெட்டிகள்

போன வாரம் என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி போன் செய்தாள். அவள் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வினாடி வினா வைக்கிறார்களாம். கேள்வி தயாரிக்கிற வேலையை அவள் தலையில் கட்டிவிட்டார்களாம்.

"அக்கா, உலகத்துலயே ரொம்ப பேமஸான பூச்சி ஆராய்ச்சியாளர் யாருன்னு ஒரு கேள்வி வச்சிருக்கேன். ஆப்ஷனுக்கு நாலு பேரு போடணும். உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

நான் யோசிக்கவே இல்லை. "எங்க வீட்டு அவியதான்" என்று என் கணவரைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு சட்டென்று நின்றுவிட்டது. அவர் இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சரிக்கா, நான் பொறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டாள்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். நிரூபிக்காமல் எதையும் விட்டுப் பழக்கமில்லை. போனில் தேடினால் பெரிய பெரிய ஆட்கள் வருகிறார்கள். தேனீ ஆடுகிற ஆட்டத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்த ஒருவர், எறும்புகளோடேயே ஆயுளைக் கழித்த ஒருவர், சொந்தத் தோட்டத்து வண்டுகளைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளிய ஒருவர். எல்லாரும் மரியாதைக்குரியவர்கள்தான். ஆனால் அவர்களுடைய ஊர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, "பூச்சிக்காரர் வீடு எது?" என்று கேட்டால் ஆட்டோக்காரருக்குத் தெரியுமா? சுசீந்திரத்தில் இறங்கி, "பூச்சி சார் வீடு" என்று சொல்லிப் பாருங்கள். தெருப் பெயரும் வேண்டாம், கதவு எண்ணும் வேண்டாம். நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். 'பூச்சி சார், சுசீந்திரம்' என்று மட்டும் எழுதிய கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. வேறு என்ன நிரூபணம் வேண்டும்?

அவர் வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்தார். அலுவலகத்துக்குப் போகிறதற்கு முன்பே வீட்டில் கூட்டம் கூடிவிடும். ஒருவர் கருகிய நெற்கதிரைக் கொண்டுவருவார், இன்னொருவர் பிளாஸ்டிக் கவருக்குள் புழுவோடு நிற்பார். கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர், முதல் பஸ்ஸைப் பிடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு பூரானை அடைத்துக்கொண்டு வந்தார்.

"சாரே, இது கடிச்சா ஆளு தங்குமா?"

"தங்கும். ரெண்டு நாளு நல்லா வலிக்கும். ஆனா இது பூச்சி இல்ல கேட்டேளா, பூச்சிக்கு ஆறு காலுதான்."

"அப்ப நான் வேற சாருகிட்டயா போணும்?" என்று அவர் அப்பாவியாகக் கேட்டார். இவர் விழுந்து விழுந்து சிரித்து, அவரை இட்லி சாப்பிட வைத்து அனுப்பினார்.

மருந்துக் கடைக்காரர்களுக்கு மட்டும் இவரைக் கண்டால் ஆகாது. நெல்வயலில் புகையான் பூச்சி விழுந்துவிட்டது என்று பதறிக்கொண்டு வருகிறவரிடம், "நாலு நாளு பொறுங்க. உங்க வயல்ல சிலந்தி நல்லா கெடக்கு, அது பாத்துக்கிடும்" என்பார். வந்தவருக்குப் பொறுக்காது. சிலபேர் என்னிடம் வந்து, "டீச்சரே, நீங்களாவது சொல்லி ஒரு மருந்து எழுதி வாங்கித் தாருங்க" என்று சிபாரிசுக்கு நிற்பார்கள். நாலு நாள் கழித்து அதே ஆள் ஒரு குலை வாழைப்பழத்தோடு வருவார்.

எனக்கு இந்தப் புகழ் போதாது. நான் பேராசைக்காரி. பத்திரிகையில் போட்டோ வர வேண்டும், ஏதாவது ஒரு பூச்சிக்கு அவர் பெயரை வைக்க வேண்டும், ஒரு புத்தகமாவது வர வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருப்பேன். "எழுதினா யாருட்டி படிப்பா?" என்பார். படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணமான மூன்றாவது வாரம் வட்டக்கோட்டைக்குப் போனோம். நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். கோட்டை மதிலோரம் நிழலில் காய்ந்த மண் பொடிபொடியாகக் கிடந்தது. அதில் புனல் வைத்து அழுத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள். இவர் அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். ஒரு புல்லைக் கிள்ளிக் குழிக்குள் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். குழியானை என்கிற பூச்சியைப் பிடிக்கிறாராம். சுற்றுலா வந்தவர்கள் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஏதோ வலிப்பு வந்துவிட்டது என்று ஒரு அம்மாள் சாவிக்கொத்தை எடுத்து நீட்டினாள். எனக்கு மானம் போயிற்று. "ஏட்டி, குனிஞ்சு பாரேன், எப்பிடி மண்ண வாரி எறியுது பாரு" என்று அவர் கூப்பிட்டார். புடவை கசங்கிவிடும் என்று நான் குனியவில்லை. அந்தப் புடவை இன்னும் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. இப்போது யாராவது கூப்பிட்டால் சேற்றில்கூடப் படுத்துப் பார்ப்பேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வலையைத் தூக்கிக்கொண்டு வயலுக்கோ மலைக்கோ போய்விடுவார். பிடித்து வந்ததை ஊசியில் குத்தி, கால்களையும் இறகுகளையும் ஒழுங்காகப் பரப்பிக் காயவைத்து, கண்ணாடி மூடி போட்ட பெட்டிக்குள் வைப்பார். ஒவ்வொரு ஊசியிலும் பூச்சிக்கு அடியில் நகம் அளவுக்கு ஒரு காகிதம் இருக்கும். பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர் எல்லாம் அதில் பொடி எழுத்தில் இருக்கும். இப்படிப் பதினேழு பெட்டிகள். அவற்றை அடுக்கிவைக்க அயினி மரப் பலகையில் ஒரு அலமாரி செய்திருந்தார். எங்கள் வீட்டிலேயே நல்ல மரத்தில் செய்த சாமான் அதுதான்.

செத்த பூச்சிக்கு உயிருள்ள பூச்சிதான் எமன். எறும்பு வாசம் பிடித்துவிட்டால் ஒரே வாரத்தில் பெட்டியைக் காலி செய்துவிடும் என்பார். அதற்காக அலமாரியின் நான்கு கால்களையும் நான்கு அலுமினியக் கிண்ணத்தில் நிறுத்தி, தண்ணீர் விட்டு, மேலே இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் தெளித்துவைப்பார். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தினமும் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஒரு செம்பு தண்ணீரோடு போய் நான்கு கிண்ணத்தையும் நிரப்பிவிட்டு வருவேன். "எம்மெஸ்ஸி பிஎட்டு படிச்சிட்டு பூச்சிக்கு வாச்மேன் வேலை பாக்கேன்" என்று அவர் காதில் விழும்படி முனகுவேன்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, வெளியூரில் உள்ள ஒரு கல்லூரியிலிருந்து ஒரு பெண் கடிதம் எழுதினாள். பூச்சியியல் பேராசிரியை. அவருடைய சேகரிப்பைப் பற்றி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாளாம். கல்லூரி அருங்காட்சியகத்தில் தனி அலமாரி ஒதுக்கி, அவர் பெயர்ப்பலகை வைத்து, மாணவர்கள் படிக்கும்படி பாதுகாப்பதாக எழுதியிருந்தாள். அன்றைக்கு அவர் அந்தக் கடிதத்தை மூன்று தடவை வாசித்தார். பிறகு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், காரணமே இல்லாமல் அரைக்கிலோ முந்திரிக்கொத்துப் பலகாரம் வாங்கிக்கொண்டு வந்தார். புகழில் ஆசையில்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசை இருந்திருக்கிறது, என்னிடம்தான் சொல்லவில்லை. தை பிறந்ததும் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

தைக்கு முன்னால், ஒரு காலை நேரத்தில், யாருடைய வயலையோ பார்க்கப் போனவர் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து சவம் இறங்கிய உடனே, வீட்டில் பிடித்துவைத்திருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு, வீட்டைக் கழுவிவிட வேண்டும். அவருடைய அக்கா, என் மைனிதான் முன்னால் நின்றாள். எழுபத்துநாலு வயது. தம்பியைத் தூக்கி வளர்த்தவள்.

"ஏட்டி மக்கா, பழைய தண்ணி ஒரு சொட்டு நிக்கப்பிடாது. எல்லாத்தையும் கமத்திரட்டா?"

"கமத்துங்க மைனி" என்றேன். நான் எங்கே, யாருக்கு, என்ன பதில் சொன்னேன் என்ற நினைவே எனக்கு அப்போது இல்லை.

மைனி ஒன்றையும் விடவில்லை. டிரம், குடம், செம்பு, சாமி முன்னால் இருந்த கிண்டி, அவர் பல்செட் போட்டுவைக்கிற டம்ளர் வரைக்கும் கவிழ்த்தாள். இரண்டு பேரை அழைத்து அலமாரியின் கால்களைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அந்த நான்கு கிண்ணத்தையும் உருவி எடுத்தாள். மறுநாள் கிணற்றடிக்குப் போனபோது அவை துவைக்கிற கல்மேல் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. மைனி எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவற்றை எடுத்துக்கொண்டுபோய் அடுக்களையில் வைத்தேன். ஒன்றில் உப்பு போட்டேன்.

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்து எல்லாரும் போன பிறகு நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. கதவைத் திறந்தால் அந்துருண்டை வாசம் வரும். அது அவருடைய சட்டை வாசம். என்னால் தாங்க முடியாது என்று பூட்டியே வைத்திருந்தேன். தை பிறந்ததும் பேராசிரியை போன் செய்து, துக்கம் விசாரித்து, தயங்கித் தயங்கி, எப்போது வரலாம் என்று கேட்டாள். வாருங்கள் என்றேன். அவர் பெயர் சொல்ல மிச்சமிருப்பது அது ஒன்றுதானே.

அவள் வருவதற்கு முந்தின நாள், தூசி தட்டிவைக்கலாம் என்று பூட்டைத் திறந்தேன். முதல் பெட்டியை எடுத்தேன். ஊசிகள் வரிசை கலையாமல் நின்றன, காகிதங்களும் இருந்தன. பூச்சி இல்லை. அடியில் மரத்தூள் மாதிரி ஏதோ கிடந்தது. அங்கங்கே ஒரு இறகு, பொன்வண்டின் முதுகு ஓடு. இரண்டாவது பெட்டியைத் திறந்தேன். மூன்றாவது. பதினேழையும் திறந்து தரையில் பரப்பிவிட்டு நடுவில் உட்கார்ந்தேன். 'கீரிப்பாறை, ரப்பர் தோட்டம்', 'தெப்பக்குளம், தென்கரை', 'வீடு, அரிசிப் பானை' என்று காகிதம் காகிதமாக வாசித்தேன். அலமாரிக் காலைப் பார்த்தபோதுதான் கிண்ணம் இல்லாதது என் கண்ணில் பட்டது.

கோபம் தலைக்கேறிவிட்டது. மைனியைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று போனை எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். தம்பி நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று முழங்கால் வலியோடு குனிந்து குனிந்து செய்தவள் அவள். தவிர, கவிழ்க்கச் சொன்னது நான். முப்பத்தெட்டு வருடம் தண்ணீர் ஊற்றியவளுக்கு, அந்தக் கிண்ணத்தில் உப்பு போடும்போதுகூட உறைக்கவில்லையே. அவரை அன்றைக்கு இரண்டாம் தடவையாகத் தூக்கிக்கொண்டு போனதுபோல் இருந்தது எனக்கு.

மறுநாள் பேராசிரியை ஒரு வேனில் வந்தாள். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. வேன் நிறைய பஞ்சும் அட்டைப்பெட்டியும் கொண்டுவந்திருந்தாள். காப்பி கொடுத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னேன். ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வரவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். திட்டுவாள், இல்லாவிட்டால் ஒரு பெருமூச்சாவது விடுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் எழுந்து அறைக்குள் போய் ஒரு பெட்டியைக் கையில் எடுத்து, லென்ஸை வைத்து மூலை மூலையாகப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நல்ல சுடிதாரோடு தரையில் மண்டியிட்டு, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து அலமாரிக் காலையும் சுவரோரத்தையும் பார்த்தாள். அப்படியே தலையை மட்டும் திருப்பி என்னைக் கேட்டாள்.

"அம்மா, இது என்ன எறும்புன்னு பாத்தீங்களா?"

எங்கள் வீட்டுக்கு யார் வந்து எந்தப் பூச்சியைப் பற்றிக் கேட்டாலும் நான் பதில் சொல்லிப் பழக்கமில்லை. உள்ளே திரும்பி ஒரு குரல் கொடுப்பேன், அவ்வளவுதான். அன்றும் அதைத்தான் செய்தேன்.

"இஞ்ச பாருங்க, என்ன எறும்புன்னு கேக்காவ. ஒரு நிமிசம் வாங்க" என்று பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

கூப்பிட்டுவிட்டு, அவர் செருப்புச் சத்தம் கேட்கும் என்று நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் தரையிலிருந்து எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவர் செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.