இரும்புக்கு ஊட்டிய மாவு

இந்த ஊரில் இரும்புக்கு மாவு ஊட்டினோம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கமலம், ராசு, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜப்பான்காரர் காலத்தில் எங்கள் தோட்டத்து ஃபேக்டரியில் தினமும் காலையில் இரண்டு பால்டின் மரவள்ளி மாவு அளந்து கொடுப்பார்கள். மனுசர் வாய்க்கு இல்லை, ரப்பர் காய்ச்சும் கொப்பரைக்கு. மாவையும் களிமண்ணையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மூடியும் கொப்பரையும் சேர்கிற விளிம்பில் விரல் கனத்துக்கு அப்ப வேண்டும். சூடு ஏற ஏற அந்த அப்பல் வெந்து இறுகி, உள்ளே இருக்கிற ஆவி கசியாமல் பிடித்துக்கொள்ளும். கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளில் பிள்ளைகள் கிழங்கு இலையை அவித்துத் தின்றுகொண்டிருந்த நாளில், நான் காலையில் எழுந்து இரும்பின் வாயில் மாவு அப்பினேன். முதல் வாரம் முழுக்கக் கை கூசியது. அப்புறம் பழகிவிட்டது. பழகியதுதான் எனக்கு இன்னமும் பொறுக்கவில்லை.

யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியும் அப்பா ஏன் வரவில்லை என்று கமலம் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. அதன் அடியில் உங்கள் மாமாவும் ஒரு வரி எழுதியிருக்கிறார், அங்கே வேறு குடும்பம் ஏதும் உண்டா என்று. கேட்க வேண்டிய கேள்விதான். நான் தனியாள் அறையில்தான் படுக்கிறேன், வேறு குடும்பம் கிடையாது. ஆனால் வராததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் இந்த மாவில் இருக்கிறது. ஐந்தாவது வரை படித்தவன் நான், எனக்குத் தெரிந்த மாதிரிதான் சொல்ல வரும். பொறுமையாகப் படியுங்கள்.

குளித்தலைப் பக்கம் கரும்பு ஆலையில் நான் பாகு காய்ச்சினவன் என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியும். கரும்புச் சோகையைப் போட்டு எரிக்கிற அடுப்பு. நுரை எப்போது பொங்கும், எப்போது அடங்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். மூன்று வருசம் சம்பாதித்துவிட்டுத் திரும்பலாம் என்று கப்பல் ஏறியபோது கமலத்துக்கு மூன்று வயது, ராசு தொட்டிலில் கிடந்தான். சிரம்பானுக்குத் தெற்கே சுங்கை காடுட் பக்கத்துத் தோட்டத்தில் எனக்கு ஃபேக்டரி வேலை கிடைத்தது. தொட்டியில் ஊற்றிய ரப்பர் பாலில் ஆசிட் கலந்து உறைய வைப்பது. அங்கே பாகு இறுகும், இங்கே பால் இறுகும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொள்வேன். அங்கே ஆலையைக் கடந்து போகிறவன் நாக்கில் எச்சில் ஊறும். இங்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பான்.

யுத்தம் வந்து வெள்ளைக்காரத் துரை ஒரே நாளில் ஓடிப் போனார். ரப்பர் வாங்க ஆளில்லை, தபால் இல்லை, அரிசி இல்லை. கொஞ்ச நாளில் ஒரு ஜப்பானியர் வந்தார். மெலிந்த ஆள், ஒரு பக்கம் நூலால் கட்டிய மூக்குக் கண்ணாடி. நாங்கள் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே சொல்வோம். லாரிக்குப் பெட்ரோல் கிடைக்காததால் ரப்பரைக் காய்ச்சி எண்ணெய் இறக்குவதற்கு வந்தவர். பழைய பாய்லர் ஒன்றை அறுத்துக் கொப்பரையாக்கினார். மரப்பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலையும் கழிவு ரப்பரையும் உள்ளே போட்டு, மூடியை முடுக்கி, கீழே நெருப்பு. மேலே வருகிற ஆவி, குழாய் வழியாகப் பழைய பால் தொட்டியில் நிறுத்திய தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து, மறுமுனையில் கறுப்பு எண்ணெயாகச் சொட்டும். நெருப்பு குறைந்தால் ரப்பர் உருகி உப்பிக்கொண்டு கிடக்கும். கூடினால் நுரை ஏறிக் குழாயை அடைக்கும், மூடி தூக்கும். நெருப்பு வேலை தெரிந்தவர் யார் என்று எங்களிடம் வேலை வாங்குகிற மண்டோர் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். ஆசையால் இல்லை. அந்தச் சமயத்தில் சியாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள், போனவர் ஒருவரும் திரும்பவில்லை. கொப்பரைக்காரர்களுக்குக் கையில் கட்டிக்கொள்ள எழுத்துப் போட்ட ஒரு துணி கொடுத்தார்கள். அந்தத் துணி கட்டியவனை லாரியில் ஏற்ற மாட்டார்கள்.

துணி கட்டியவர்கள் நாங்கள் மூன்று பேர். நெருப்புக்கு நான். விறகுக்கு ஒரு சீனக் கிழவர், அவர் யாரோடும் பேச மாட்டார். மூடி அப்புவதற்கு வீரப்பன், அவனோடு காலையில் நானும் கை கொடுப்பேன். அவன் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவன், ஊர் என்றால் அவனுக்குச் சிரம்பான் சந்தைதான். அவன் பெண்சாதி அஞ்சலை. மகள் பொன்னி, அப்போது அவளுக்கு மூன்று வயது. நான் உன்னை விட்டு வந்தபோது இருந்த வயது, கமலம். அவர்கள் வீட்டு வாசல் கம்பத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு கிழித்திருந்தேன், பொன்னி நின்றால் தலை தொடுகிற இடம். அதற்கு மேலே இன்னொரு கோடு, உனக்கு. நீ எவ்வளவு வளர்ந்திருப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? பொன்னி ஒரு விரல் வளர்ந்தால் உன் கோட்டையும் ஒரு விரல் ஏற்றினேன். உங்களிடமிருந்து ஒரு வரியும் வராத வருசங்களில் உன்னை நான் அப்படித்தான் வளர்த்தேன்.

பிறகு பொன்னியின் கோடு நகரவில்லை. இரண்டு மழைக்காலம் அப்படியே நின்றது. வயிறு மட்டும் முன்னால் வந்தது, கால் குச்சியாய்ப் போனது. உன் கோட்டையும் ஏற்ற எனக்குத் தைரியம் வரவில்லை.

வீரப்பன் அப்பலில் மாவைக் குறைத்துக் களிமண்ணைக் கூட்டினான். ஒரு நாள் இடுப்புத் துணியில் முடிந்துவைத்திருந்த மாவை நான் பார்த்துவிட்டேன். அவன் மறைக்கவில்லை. "இரும்புக்கு என்னண்ணே பசி? நேத்துத் தின்னதையே அது இன்னும் செரிக்கல" என்றான். நான் சிரித்துவிட்டேன். சிரித்தபின் கண்டிக்க முடியுமா? ஆனால் ஆற்றுக் களிமண் மட்டும் சூட்டுக்கு நிற்காது. மூன்றாம் நாள் அப்பல் வெடித்து, விளிம்பில் நீலமாக நெருப்பு ஓடியது. ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினோம். வீரப்பனின் புருவம் கருகியது. கண்ணாடிக்காரர் ஓடி வந்தார். அவர் யாரையும் அடிக்கவில்லை. எங்கள் மூவரின் கைத்துணியையும் விரலால் தொட்டுக் காட்டி, பிறகு வடக்கே கையை நீட்டினார். இன்னொரு முறை கசிந்தால் சியாம். அதற்கு எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாவு போட்டால் பொன்னிக்குக் கஞ்சி இல்லை, மாவு போடாவிட்டால் மூன்று பேருக்கும் சியாம். நடந்துகொண்டே இருப்பேன். அப்படி நடந்தபோதுதான் லயத்துக்குப் பின்னால் இருந்த புற்றைப் பார்த்தேன், ஆள் உயரம், கல் மாதிரி. ஆலையில் பாகு அடுப்பின் வாயைப் புற்றுமண்ணால்தான் மெழுகுவோம், சாம்பலும் நாரும் சேர்த்து. எத்தனை சூட்டுக்கும் பிளக்காது. ஆனால் இந்தப் புற்றுக்கு மஞ்சள் பூசியிருந்தது. தோட்டத்துப் பெண்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் என்று கும்பிடுகிற புற்று. பால் இல்லாத காலத்திலும் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து ஊற்றினார்கள். காட்டுக்குள் வேறு புற்று தேடலாம் என்றால், வேலியைத் தாண்டுகிறவனைக் காவலில் இருந்தவர்கள் சுடுவார்கள்.

மண்வெட்டியோடு நானும் வீரப்பனும் போய் நின்றபோது பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி என் வம்சத்தையே சபித்தாள். அந்த வம்சம் நீங்கள்தான். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டேன். அப்போது அஞ்சலை பொன்னியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். வாராவாரம் முதலில் தண்ணீர் ஊற்றுகிறவள் அவள்தான். "வெட்டுங்கண்ணே. ஆத்தா வேற வூடு கட்டிக்குவா. எனக்கு இன்னொரு புள்ள கட்டத் தெம்பு இல்ல" என்றாள். பொன்னியை மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு, "அடியில ஒரு சாண் வுட்டுடுங்க. அதுலேருந்து கட்டிக்குவா" என்றாள். ஒரு சாண் விட்டுவிட்டு வெட்டினேன்.

புற்றுமண், விறகுச் சாம்பல், தேங்காய் நார். முதல் நாள் காய்ச்சலுக்கு மூடியருகே நானே நின்றேன். ஒரு குச்சியின் ஒரு முனையைக் குழாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே கொதி ஏறுவது தெரிந்தது. விளிம்பில் ஒரு நூல் புகை கிடையாது. அப்பல் சிவந்து, தட்டினால் பானை மாதிரி ஓசை கொடுத்தது. இரண்டு டின் மாவும் மிச்சம். பொன்னிக்குக் கஞ்சி, கிழவருக்கு ஒரு பங்கு, எனக்கும் ஒரு பங்கு. மறைக்காமல் எழுதுகிறேன், நானும் தின்றேன். அடுத்த மாதம் பொன்னியின் கோடு அரை விரல் ஏறியது. உன்னுடையதையும் ஏற்றினேன். அன்றைக்குத்தான் அந்த வருசத்தில் நன்றாகத் தூங்கினேன்.

இனிமேல் எழுதப் போவதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் உச்சிப் பொழுதில் கண்ணாடிக்காரர் வந்து மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்பலைக் குச்சியால் தட்டினார். ஓசையைக் கேட்டுக் குனிந்து இன்னொரு முறை தட்டினார். வேலை தெரிந்த மனுசர் வேலையைப் பார்க்கிற பார்வை அது. நான் கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து என் வேலையை அப்படி ஒருவரும் பார்த்ததில்லை. துரை என் முகத்தைக்கூடப் பார்த்தவர் இல்லை. இது என்ன என்று அவர் மலாயில் கேட்டார். நான் பயந்து வாயை அடக்கியிருக்க வேண்டும். ஆற்று மண்தான், மாவு போட்டிருக்கிறோம் என்று சொல்லியிருந்தால் போயிருப்பார். வீரப்பன் என் முழங்கையை இடித்தான். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. புற்றுமண்ணை அள்ளிக் காட்டினேன், நாரைப் பிய்த்துக் காட்டினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "தானா இனி குவாட், துவான். தெப்போங் தா பாயா" என்றேன். இந்த மண் பலமானது ஐயா, மாவு வேண்டியதே இல்லை.

"பாகூஸ்" என்றார் அவர். நல்லது என்று அர்த்தம். என் தோளைத் தட்டினார். அவர் சந்தோசப்பட்டது பொய்யில்லை.

மறுநாள் காலையில் மாவு வரவில்லை. வேண்டாம் என்று நான்தானே சொன்னேன். நார் கலந்த மண் ஒருமுறை இறுகினால் நாலு நாள் நிற்கும் என்பதையும் அவரே கண்டுபிடித்தார். தினமும் பிசைந்து அப்ப ஓர் ஆள் எதற்கு? அந்த வார முடிவில் கணக்கு எழுதுகிற கிராணி வந்து வீரப்பனின் கைத்துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கு அடுத்த நாள் சியாம் பட்டியலில் அவன் பெயரைப் படித்தார்கள். அவனுக்குப் பதில் நான் போகிறேன் என்று கண்ணாடிக்காரரிடம் போய் நின்றேன். அவர் நான் ஏதோ கூலி கேட்க வந்ததாக எடுத்துக்கொண்டு, ஒரு சிகரெட் கொடுத்து அனுப்பினார்.

லாரி கிளம்பும்போது வீரப்பன் மேலே நின்றான். முகத்தைப் பார்க்க முடியாமல் நான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணே" என்று கூப்பிட்டான். "மண்ணு நல்ல மண்ணுண்ணே. அதுல ஒரு குத்தமும் இல்ல." சிரித்தபடிதான் சொன்னான். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று இன்றுவரை புரட்டிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. பிறகு, "நான் வர்ற வரைக்கும் பொன்னி கோட்ட அழிச்சிடாதீங்க" என்றான். அழிக்க மாட்டேன் என்றேன். அவ்வளவுதான் நான் கொடுத்த வாக்கு.

அதன்பின் என் பங்குக் கிழங்கில் பாதி அந்த வீட்டுக்குப் போனது. அஞ்சலை பால் மரம் சீவப் போன இடத்தையெல்லாம் தோண்டி மரவள்ளி நட்டாள். பொன்னி பிழைத்துவிட்டாள். கண்ணாடிக்காரர் ஒரு நாள் கொப்பரை நெருப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை. யுத்தம் முடிந்தது என்று நாங்கள் அப்படித்தான் தெரிந்துகொண்டோம். இப்போது சியாமிலிருந்து ஆட்கள் திரும்புகிறார்கள். பத்துப் பேர் வந்தால் இரண்டு பேருக்குத்தான் அடையாளம் தெரிகிற முகம் இருக்கிறது. ரயில் வருகிற நாளெல்லாம் நான் பாரோய் என்கிற ஊர்க்காரர் ஒருவரின் மாட்டு வண்டியில் சிரம்பான் ஸ்டேஷனுக்குப் போகிறேன், இறங்குகிறவர்களிடம் வீரப்பன் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். சியாமில் காஞ்சனாபுரிப் பக்கம் பார்த்தேன் என்றான் ஒருவன். பெயரே கேள்விப்படவில்லை என்றான் இன்னொருவன். இரண்டு தடவை எனக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. இரண்டு தடவையும் வேறு ஒருவருக்கு விட்டுக்கொடுத்தேன். போங்கண்ணே, அங்கேயும் புள்ளைங்க காத்திருக்குதுங்க என்று அஞ்சலையே சொல்கிறாள். அவள் சொல்லச் சொல்ல எனக்குக் கால் எழவில்லை. உங்களிடம் வந்துவிட்டால் ஸ்டேஷனில் யார் நிற்பார்கள்? இங்கேயே நின்றால் உங்களுக்கு நான் யார்? காலையில் ஒன்று நினைக்கிறேன், பொழுது சாய்ந்தால் வேறொன்று நினைக்கிறேன். புற்று மறுபடி முழங்கால் உயரம் எழும்பிவிட்டது. அஞ்சலை மஞ்சள் பூசியிருக்கிறாள்.

கடிதத்துக்குள் நீ மடித்து வைத்திருந்த நூல் பத்திரமாக வந்தது, கமலம். "அப்பா, நான் இவ்வளவு உயரம்" என்று எழுதியிருந்தாய். எடுத்துக்கொண்டு கம்பத்தடிக்குப் போனேன். கீழ் முனை தரையைத் தொட மேல் முனையைப் பிடித்து உயர்த்தினால், நான் உனக்குக் கிழித்த கடைசிக் கோட்டையும் தாண்டி ஒரு சாண் மேலே போயிற்று நூல். அத்தனையும் எனக்குத் தெரியாமல் நீ வளர்ந்தது. பொன்னி ஓடி வந்து, யாரு பெரியப்பா இது என்று கேட்டாள். அக்கா என்றேன். அவள் நூலுக்குக் கீழே முதுகைக் கம்பத்தில் சாய்த்து நின்று, தொங்கிய முனை காற்றில் ஆடாமல் இருக்கக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டாள். மேல் முனை என் கையில் இருந்தது. இழுத்தால் அறுந்துவிடும், விட்டால் விழுந்துவிடும். அவள் காலை எடுக்கும்வரை கையை இறக்காமல் நின்றேன்.