டொனால்ட் கையசைத்துப் போன வீடு

டொனால்டுக்கு நடப்பது என்றால் வேப்பங்காய். செனாவாங்கில் அவர் வீட்டுக்கும் முனைக்கடைக்கும் நடுவே நாலைந்து வீடுகள்தான். ஒரு ரொட்டி வாங்கவும் மோட்டர் சைக்கிளைத்தான் எடுப்பார். மோட்டர் சூடாவதற்குள் கடை வந்துவிடுகிறது என்று அவர் மனைவி ஜெனவீவ் கேலி செய்வார். அதற்கெல்லாம் அவர் அசைந்து கொடுத்ததில்லை.

இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து ஓய்வு பெறும் வரை அவர் லோரி ஓட்டியவர். கோலா சாவா பக்கத்துத் தோட்டங்களில் வெட்டிப் போட்ட செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்கும் தோட்டத்துக்குமாக அலைந்ததில் பாதி ஆயுள் போனது. ஆண்டவர் கால்களைப் படைத்ததே கிளட்சையும் பிரேக்கையும் மிதிக்கத்தான் என்று அவர் உறுதியாக நம்பினார். லோரியை விட்டு இறங்கிய பிறகு சோபாவில் ஏறியவர், அதை விட்டு இறங்கவே இல்லை. வயிறு முன்னே வந்தது. பின்னாலேயே இனிப்பு நீர் வியாதியும் வந்தது.

கிளினிக்கில் டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டு, தினமும் நடக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்த டொனால்ட் டாக்டர் சொன்னதில் மாத்திரையை மட்டும் மனைவியிடம் சொன்னார். ஜெனவீவுக்கு ஆள் தெரியாதா? மறுநாளே தங்கள் தாமான் குடியிருப்பின் திடலில் காலையில் நடக்கும் குழுவில் புருஷனின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் குழுவைக் கட்டி மேய்த்தவர் புனிதா. அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலைக் கேட்டால் காய்ச்சல்கூட எழுந்து நின்று பதில் சொல்லும் என்று பேர்.

முதல் நாள் டொனால்ட் திடலுக்கு மோட்டரில் வந்து இறங்கினார். திடலோ அவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். புனிதா அவரையும் பார்த்தார், மோட்டரையும் பார்த்தார்.

"நாளைக்கு நீங்க மட்டும் வாங்கண்ணே. மோட்டர் வீட்லயே தூங்கட்டும்."

அன்று அவர் அரைச் சுற்று நடந்து, ஊஞ்சல் பக்கத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வரக்கூடாது என்றுதான் முடிவு செய்திருந்தார். ஆனால் நடை முடிந்ததும் எல்லாரும் கூட்டமாக மாமாக் கடை என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குப் பசியாறப் போனார்கள். அவரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே தங்கராஜு பக்கத்தில் இடம் கிடைத்தது. செனாவாங் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாவலராக இரவு வேலை பார்ப்பவர் தங்கராஜு. வேலை முடிந்து நேராகத் திடலுக்கு வருவார், ஒப்புக்கு ரெண்டு சுற்று நடப்பார், அப்புறம் கண் கடைப்பக்கமே இருக்கும். நடக்கிறவர்கள் எல்லாம் உடம்புக்கு நடக்கிறார்கள், தான் தோசைக்கு நடப்பதாக அவரே வெட்கமில்லாமல் சொன்னார். டொனால்டுக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப் போயிற்று.

டொனால்டிடம் ஒரு சொத்து இருந்தது. பேச்சு. லோரியில் தனியே போய்ப் போய், கேட்க ஆளில்லாமல் சேர்ந்து கிடந்த கதைகள் அத்தனையும் இப்போது வெளியே வந்தன. நடுரோட்டில் படுத்திருந்த மலைப்பாம்பு, மழையில் சறுக்கி வாய்க்காலில் இறங்கிய லோரி, குலையோடு குலையாக ஏறி ஆலை வரைக்கும் வந்துவிட்ட யாரோ வீட்டுச் சேவல். கதை கேட்கிறவர்கள் நடையைக் குறைக்க, கதை சொல்கிறவர் நடையைக் கூட்ட வேண்டியதாயிற்று. ஒரு சுற்று ரெண்டாகி, ரெண்டு நாலானது அவருக்கே தெரியவில்லை.

காலை நடை என்பது அந்தக் குழுவுக்கு ஒரு சாக்குதான். வாட்சப்பில் விடிகாலையிலேயே தங்கராஜு ரோஜாப்பூ போட்ட வணக்கம் அனுப்புவார். யார் வீட்டிலாவது பிள்ளை பிறந்தால் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள். சாவு வீட்டுக்கும் கூட்டமாகவே போய்ப் பந்தலில் நாற்காலி போடுவார்கள். தீபாவளிக்கு முறுக்கு ஒரு பக்கம் போகும், கிறிஸ்மஸுக்குக் கேக் மறுபக்கம் வரும். சண்டையும் உண்டு. பசியாறுவது மாமாக் கடையிலா, தோசைக் கடையிலா என்பதில் ஒருமுறை குழு ரெண்டாகப் பிரிந்து, ஒரு வாரம் எதிரெதிர்த் திசையில் திடலைச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் ரெண்டு முறை முகத்தோடு முகம் பார்க்க நேர்ந்ததால் அந்தச் சண்டை நீடிக்கவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு வெளியே எங்காவது தூரமாக நடக்கப் போவது வழக்கம். டொனால்டும் ஜெனவீவும் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விட்டு வந்து ஞாயிறைக் குழுவுக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். பாரோய்ப் பக்கம் ஒருமுறை போனார்கள், குன்று ஒன்றில் ஏறினார்கள். அடுத்து எங்கே என்று புனிதா கேட்டபோது டொனால்ட் நெஞ்சை நிமிர்த்தினார். கோலா சாவாவில் ஒரு தோட்டத்து ரோடு இருக்கிறது, நிழலான ரோடு, குண்டு குழி ஒவ்வொன்றும் தனக்குப் பழக்கம் என்றார். எவ்வளவு தூரம் என்று புனிதா கேட்டார்.

"பக்கந்தான்லா. ரேடியோவுல ரெண்டு பாட்டு முடியறதுக்குள்ள அந்தப் பக்கம் போயிடலாம்."

அது லோரிக் கணக்கு என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

அந்த ஞாயிறு கார்களைத் தோட்டத்து முகப்பில் நிறுத்திவிட்டு உற்சாகமாகக் கிளம்பினார்கள். ரெண்டு பக்கமும் செம்பனை, நடுவே செம்மண் ரோடு. கொஞ்ச தூரத்தில் டொனால்டுக்கே ஆச்சரியம் தொடங்கியது. இத்தனை வருஷம் ஓட்டிய ரோட்டில் இப்படி ஒரு மேடு இருந்ததா? லோரிக்குக் கியரை ஒன்று குறைத்தால் முடிந்துபோன மேடு, முழங்காலுக்கு முடியவே இல்லை. மேட்டின் பின்னால் இன்னொரு மேடு இருந்தது. கூட்டத்தில் பேச்சு குறைந்தது. ரெண்டு பாட்டு எப்போது முடியும் என்று யாரோ கேட்டார்கள். அது பாட்டு இல்லை, முழுக் கச்சேரி என்று தங்கராஜு பதில் சொன்னார். ஜெனவீவ் தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். சொட்டு இல்லை. போதாக்குறைக்கு வானமும் கறுத்துக்கொண்டு வந்தது.

வளைவைத் திரும்பியதும் வீடுகள் தெரிந்தன. தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்தில் மிஞ்சிய ஒரு வரிசை. முதல் வீட்டு மூலையிலிருந்து பலா மரம் வரைக்கும் நீளக் கொடி கட்டி, கொடி நிறையத் துணி காய்ந்தது. வாசலில் ஓர் அம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய, ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. பெயர் முத்தாயி என்றார். ஒரு பட்டாளம் வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்பதைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் உள்ளே போய்ச் செம்பும் குடமுமாகத் தண்ணீர் கொண்டு வந்தார்.

தண்ணீர் உள்ளே இறங்கியதும் டொனால்டுக்குப் பேச்சு திரும்பியது. தான் இந்த ரோட்டுக்குப் புதிது இல்லை என்றும், இதே வழியில் வருஷக்கணக்காக லோரி ஓட்டியதாகவும் பெருமையாகச் சொன்னார். முத்தாயி செம்பை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நீல லோரியா?"

"ஆமாம்மா."

"முன்கண்ணாடியில மாதா படம் இருக்குமே?"

டொனால்டின் முகம் மலர்ந்தது. முத்தாயியின் முகத்தை அவருக்கும் இப்போதுதான் அடையாளம் தெரிந்தது. இந்த வளைவில் தினமும் ரோட்டோரம் வந்து நின்று தனக்குக் கை காட்டிய பெண். பதிலுக்கு அவரும் ஹார்ன் அடித்து, கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போவார். அந்த வேலையில் அவருக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான் என்று நினைத்திருந்தார். வீட்டில் ஜெனவீவிடம்கூடச் சொல்லியிருக்கிறார். அந்தக் கைகாட்டும் பெண்ணை வைத்து ஜெனவீவ் அவரைச் சீண்டியதும் உண்டு.

"நீங்கதானா அது? தெனம் எனக்குக் கை காட்டுவீங்களே?"

"கை காட்டுனனா?" முத்தாயி இடுப்பில் கையை வைத்தார். "மெதுவா போய்யான்னு தொண்டை கிழியக் கத்துனேன். வெள்ளைச் சட்டைய காயப் போட்டா, ஒன் லோரி போனப்புறம் செம்மண் சட்டைய எடுப்பேன். நான் கையை ஆட்ட ஆட்ட நீ என்னடான்னா ஹார்ன் அடிச்சு, சிரிச்சுக்கிட்டே போவ."

 முதலில் வெடித்துச் சிரித்தவர் ஜெனவீவ். மாடு கட்டும் கட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு குழுவே சிரித்தது. டொனால்ட் மட்டும் தொப்பியைக் கையில் எடுத்து, அதன் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார்.  இத்தனை வருஷக் கதைகளில் அவருக்கு வாயடைத்துப் போன முதல் இடம் அது.

அவரைக் காப்பாற்றியது மழை. பெரிய பெரிய துளியாக நாலு விழுந்ததும் முத்தாயி துணியைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே டொனால்ட் ஓடிவிட்டார். ஆம், ஓடினார். அவர் ஓடி ஜெனவீவ்கூடப் பார்த்தது கிடையாது. கொடியிலிருந்து போர்வையை உருவித் தோளில் போட்டார், சேலையை உருவிக் கழுத்தில் சுற்றினார். பின்னாலேயே குழுவும் பாய்ந்தது. புனிதா மருத்துவமனை வார்டில் நிற்பதுபோல் நின்று, யார் எந்தப் பக்கம் எடுப்பது என்று கட்டளையிட்டார். மழை கொட்டத் தொடங்கியபோது கொடி காலி. எல்லாரும் வீட்டின் முன் அஞ்சடித் தாழ்வாரத்துக்குள் துணியும் ஆளுமாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

அந்த மழை லேசில் விடவில்லை. முத்தாயி அடுப்பைப் பற்றவைத்தார். கொல்லையில் பிடுங்கி வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கை ஜெனவீவும் புனிதாவும் உரித்துக் கொடுக்க, அதை அவித்து மிளகாய்ச் சம்பாலோடு வைத்தார். கறந்த பாலில் தேநீர் போட்டார். தங்கராஜு ஒரு தட்டை முடித்துவிட்டு, இதுவரை போன நடைகளில் இதுதான் உண்மையான நடை என்று தீர்ப்புச் சொன்னார். டொனால்டின் குவளையில் சீனி விழாமல் புனிதா கை வைத்து மறைத்தார்.

முத்தாயி தன்னைப் பற்றியும் சொன்னார். பிள்ளைகள் ஜொகூரில், மாடி வீடுகளில். கூப்பிடுகிறார்கள், மாடுகளை எந்த மாடியில் கட்டுவது என்று கேட்டுப் போகாமலே இருக்கிறார். பக்கத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத்து ஆட்கள். நல்ல பையன்கள், இவர் பாலைத்தான் வாங்குகிறார்கள், இவரிடம் தமிழில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டிருக்கிறார்கள். தினமும் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றங்கரை வரை போய் வருவதாகச் சொன்னபோது புனிதா கணக்குப் போட்டுப் பார்த்து மலைத்தார். இவர்கள் ஒரு வாரத்தில் நடப்பதை அந்த அம்மாள் ரெண்டு நாளில் நடந்து முடித்துவிடுகிறார். மாடு முன்னால் போகாமல் சும்மா நடக்கிறவர்களை முத்தாயி அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறாராம்.

டொனால்ட் ஒரு மூலையில் உட்கார்ந்து, எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு ஒன்றும் சரியாக வரவில்லை. ஒரு சட்டையை நாலாவது தடவையாகப் பிரித்து மடித்தபோது முத்தாயி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டார். கோபம் தணிந்திருந்தது.

"ஒரு நா ஹார்ன் சத்தம் நின்னு போச்சு," என்றார். "வேற லோரி வந்துச்சு. புது ஆளு, திரும்பிக்கூடப் பாக்கல. பாவம், அந்த மாதாக்காரருக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். கோயில்ல வெளக்குப் போட்டேன்."

டொனால்ட் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்காகவா?"

"திட்டுறதுக்கு ஆளு வேணும்ல அண்ணே."

 வேலை விட்ட நாளில் ஆலையில் கைகுலுக்கி ஓர் உறையைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் போனதை ரோட்டோரத்தில் ஓர் ஆள் கவனித்து, விளக்கும் போட்டிருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அந்தப் பக்கம் திரும்பி, அடுத்த துணியை எடுத்து மடித்தார். மன்னித்துக்கொள் தங்கச்சி என்று சொன்னது மழைச் சத்தத்தில் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. முத்தாயிக்குக் கேட்டது; தலையை ஆட்டினார்.

மழை விட்டதும், திரும்பி நடக்கும் தெம்பு பாதிப் பேருக்கு இல்லை. பக்கத்து வீட்டு வங்காளதேசத்துப் பையன் ஒருவன் தன் மோட்டரில் அலுத்துப்போனவர்களை ஒவ்வொருவராகக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டான். தங்கராஜு முதல் ஆளாக ஏறினார். டொனால்டைக் கூப்பிட்டபோது அவர் வேண்டாம் என்றுவிட்டார். ஜெனவீவும் புனிதாவும் அவரோடு நடந்தார்கள். சேற்றில் செருப்பு ஒட்டி ஒட்டி, ரெண்டு மேடும் ஏறி இறங்கி, காருக்கு வந்து சேர்ந்தபோது அவர் கால் ரெண்டும் நடுங்கின. முகம் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர் முகம்போல் இருந்தது.

அதன்பின் குழு அந்தத் தோட்டத்துக்குப் பலமுறை போயிற்று. போகும்போதெல்லாம் முத்தாயிக்கு ஏதாவது எடுத்துக்கொண்டு போவார்கள். வரும்போது கிழங்கும் பலாச்சுளையும் அதைவிடக் கனமாக இருக்கும். வாட்சப்பிலும் அவரைச் சேர்த்தார்கள். எழுத்து வராது என்று குரலிலேயே அனுப்பினார். ஒவ்வொன்றும் நீளமாக, நடுநடுவே மாட்டை அதட்டும் சத்தத்தோடு வரும். டொனால்டின் இனிப்பு நீர் இறங்கி, டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். அந்தச் செய்தியை அவர் குழுவில் போட்டபோது முதலில் வந்த பதில் முத்தாயியுடையதுதான்.

கிறிஸ்மஸுக்கு ஜெனவீவ் அழைத்ததில் முத்தாயி முதல்நாளே செனாவாங்குக்கு வந்து தங்கினார். காலையில் எல்லாரோடும் திடலுக்குப் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சேலையை ஏற்றிச் செருகி அவர் நடந்த நடைக்கு யாராலும் ஈடு கொடுக்க முடியவில்லை. மூன்றாவது சுற்றில் சட்டென்று நின்றார்.

"அண்ணே, இதே எடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வர்றோம். எப்பத்தான் போய்ச் சேருவோம்?"

டொனால்டுக்கு மூச்சு வாங்கியது. பக்கந்தான் என்று சொல்ல வாயெடுத்து, புனிதா பார்ப்பதைப் பார்த்து, பேசாமல் நடந்தார்.