கதவைக் கழற்றிய வீட்டுக்காரர்

மலாய் நாட்டுத் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசமாட்டார். என்னைத் 'தங்கச்சி' என்பார். நானும் வாய் நிறைய 'அண்ணே' என்றேன். நல்ல சொல், வீணாக்கிவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தோம். வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. முதல் வருடம் முடிவதற்குள் எங்கள் தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாகச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் இடங்களாக மாறின. நம் ஆளுக்கும் ஆசை வந்துவிட்டது. ஒருநாள் வந்து, மகளுக்குக் கல்யாணம், அவள் குடிவர வீடு வேண்டும், அடுத்த மாதம் காலி செய்துவிடுங்கள் என்றார். அவருக்கு மகளே கிடையாது. மூன்றும் ஆண் பிள்ளைகள் என்று அவர் மனைவியே என்னிடம் குறைப்பட்டிருக்கிறார். ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகத் தயார் செய்துகொண்டு வர மெனக்கெடாத மனிதர்.

ஒப்பந்தம் முடியட்டும், மறுநாளே போய்விடுகிறோம் என்று என் கணவர் மரியாதையாகச் சொன்னார். வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வாசல் இரும்பு கிரில்லுக்குச் சாயம் அடிக்க வேண்டும் என்று கழற்றிக்கொண்டு போக வைத்தார். நாங்களும் மக்குகள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்கடுத்த வாரம், ஒரு காலை நேரத்தில், சீனத் தச்சர் ஒருவர் லாரியோடு வந்தார். கதவில் கரையானாம், வீட்டுக்காரர் கழற்றச் சொல்லியிருக்கிறாராம். மலாய் மொழியில் இதைச் சொல்லும்போது தச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கிளினிக்கில் மதிய ஷிப்ட் வேலை செய்பவள், அப்போது வீட்டில் தனியாக இருந்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"புதுசு செய்யணும் தங்கச்சி, ரெண்டு மாசம் ஆகும்லா. பயமா இருந்தா சொந்தக்காரங்க வீட்ல போய் இருங்க" என்றார், காய்ச்சலுக்குக் கஷாயம் சொல்வதுபோல.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவின் இரண்டு பலகையும் லாரியில் ஏறிவிட்டன. ஒரு கரையான் துளைகூட அதில் இல்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் எங்கள் சோபாவைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டு அக்கா வந்து, அவர் வீடுதானே, எதற்கு வம்பு, பேசாமல் வேறு வீடு பாருங்கள் என்று புத்தி சொன்னார். இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் அந்த மாதிரி ஆட்கள் துணிகிறார்கள்.

கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் தொழிற்சாலை வேலையில் இருந்த என் கணவர் பாதி நாள் லீவு போட்டு பெரிப் படகு ஏறி வந்தார். துணி அலமாரியை இழுத்து வாசலை மறைத்தோம். எனக்குப் பயம் இருந்தது, மறைக்கவில்லை. அதைவிட அருவருப்பு அதிகமாக இருந்தது.

மறுநாள் படங்கள் எடுத்துக்கொண்டு போலீஸில் ரிப்போர்ட் செய்தேன். பிறகு இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனேன். அங்கிருந்த வக்கீல் பெண் தமிழ்ப் பிள்ளைதான், என்னைவிட வயதில் சின்னவள். முழுக்கக் கேட்டுவிட்டு, வீட்டுக்காரரிடம் கோர்ட் உத்தரவு இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன்.

"வீடு அவரோடதுதான் அக்கா. ஆனா நீங்க வாடகையே கட்டலைனாலும், கோர்ட் ஆர்டர் இல்லாம உங்கள வெளியாக்க முடியாது. பூட்டை மாத்துறது, தண்ணிய வெட்டுறது, கதவை கழட்டுறது, எதுவும் செய்யக் கூடாது."

வாடகையை வங்கி மூலமாகவே போடுங்கள், அவர் அனுப்பும் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள் என்றாள். மூன்று நாளில் கதவு திரும்பி வராவிட்டால் வழக்கு என்று மையத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் போனது.

இரண்டாம் நாளே கதவு வந்தது. கிரில்லும் வந்தது, சாயம் அடிக்காமல். தச்சர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவருக்காவது கேட்கத் தோன்றியது. பின்னாலேயே வீட்டுக்காரர் ஒரு பலகாரப் பெட்டியோடு வந்து நின்றார்.

"வக்கீல்லாம் எதுக்கு தங்கச்சி? நம்ம ஆளுங்களுக்குள்ள பேசி முடிச்சிருக்கலாம்லா."

"கோர்ட்டுக்குப் போங்க. ஆர்டர் கொண்டாங்க. அன்னிக்கே சாவியை கொடுத்துர்றோம்" என்றேன். பெட்டியை நான் வாங்கவில்லை.

அவர் கோர்ட்டுக்குப் போகவே இல்லை. போய் என்ன சொல்வார்? இல்லாத மகளின் கல்யாணத்தையா? ஒப்பந்தத்தில் மீதி இருந்த பதினொரு மாதத்தையும் அங்கேயே இருந்து முடித்துவிட்டு, அக்கரையில் பத்து காவான் என்ற ஊருக்கு மாறினோம்.

போன வருடம் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம், கஷ்டப்பட்ட ஒரு குடும்பத்தைப் பாவம் பார்த்து ஒரு வருடம் கூடுதலாக வைத்திருந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் எழப் பார்த்தார். விடுங்கள் என்று சொல்லிவிட்டு, நான் இன்னும் கொஞ்சம் ரசம் வாங்கிக்கொண்டேன்.