காத்தாடியில் எடுத்த மை

எழுபதுகளின் கடைசியில் ஒருமுறை, எங்கள் சின்னம்மா கோலாலம்பூரிலிருந்து மலைக்கு வந்தபோது மேசைக் காத்தாடி ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். நாங்களோ தேயிலைத் தோட்டத்து லயத்தில் நடுப்பகலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாதவர்கள். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"குளிருக்குக் கம்பளி கொண்டு வருவாங்க. நீ காத்தாடி கொண்டு வந்திருக்கியே?"

"இந்தச் சத்தம் கேக்கலன்னா இவன் தூங்க மாட்டான்லா, அத்தான்."

இவன் என்பது சின்னம்மாவின் மகன், ஏழு மாதத் தம்பி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் அவர்கள் வீடு. பிறந்ததிலிருந்தே இருமல், மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் கொர்கொர் என்று கேட்கும். மலைக்காற்றில் இரண்டு வாரம் வைத்துப் பார்க்கலாம் என்று அம்மாதான் வரச்சொல்லியிருந்தார். காத்தாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். சத்தம் தம்பிக்கு, காற்று சுவருக்கு.

பிள்ளைக்குக் கண் பட்டிருக்கிறது என்பது அம்மாவின் முடிவு. கொழுந்து பறிக்கப் போகும்முன் மை கூட்டும் வேலையை என் தலையில் கட்டினார். விளக்கெண்ணெய் விளக்கேற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, கரி படியும்வரை காவல் இருக்க வேண்டும். எனக்குப் பத்து வயது. வெளியே பாண்டி ஆட்டம் தொடங்கிவிட்டது. அப்போதுதான் காத்தாடியின் இறக்கைகள் கண்ணில் பட்டன. ஓரமெல்லாம் மெத்தென்று கறுப்புத் தூசி. விளக்குக்கரியைவிட நைசாக இருந்தது. பாதியை வழித்து விளக்கெண்ணெயில் குழைத்து, பழைய தைல டப்பாவில் போட்டுவிட்டு ஆட ஓடினேன்.

"ஒங்க மக கூட்டுன மை என்னமா ஒட்டுதுக்கா," என்று சின்னம்மா மெச்சினார். தினமும் தம்பியின் கன்னத்தில் ஒரு பொட்டு, உள்ளங்காலில் ஒரு பொட்டு. குட்டு வெளிப்படுமோ என்ற பயத்தில் நான் இரண்டு நாள் காத்தாடிப் பக்கமே போகவில்லை.

ஆனால் தம்பிக்கு இருமல் குறைந்தது. இரண்டாம் வாரம் நெஞ்சுச் சத்தமே நின்றுபோனது. அம்மா என் மையின் பெருமையை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டுக் கேட்டு நானே நம்பிவிட்டேன். அவர்கள் புறப்பட்ட அன்று இறக்கையில் மிச்சமிருந்ததையும் வழித்துக் குழைத்து, டப்பாவை நிரப்பிச் சின்னம்மாவின் பையில் வைத்தேன்.

அந்தக் கறுப்பு அவர்கள் ஜன்னல் வழியே வந்த வண்டிப்புகை. அந்தக் காலத்துப் பெட்ரோலில் கலந்த ஈயமும், பிரேக் தேய்ந்த இரும்பும் அதில் இருந்திருக்கும். தம்பி அந்த வீட்டில் இரவும் பகலும் அதைத்தான் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தான். இதெல்லாம் வெகுகாலம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டது. நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

அடுத்த மாதம் சின்னம்மாவின் கடிதம் வந்தது. தம்பிக்குத் திரும்பவும் அதே இருமல், பால்கூடக் குடிப்பதில்லை. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். மை தீர்ந்துபோயிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் கூட்டி அனுப்பலாமென்றால், காத்தாடி அங்கே இருந்தது.