மூன்று மரத்து மணை

சுருளிப்பட்டி ரோட்டில், திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய தகரக் கொட்டகைதான் வீரணனின் மரப்பட்டறை. விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. இருபது வயதில் குமுளிக்கு வேலைக்குப் போனவர், அங்கே ஒரு மலையாளி மேஸ்திரியிடம் ஏழு வருசம் இருந்து மரவேலையோடு ஒரு கிறுக்கையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு வந்தார். ஒரே மரத்தில் எதையும் செய்ய அவருக்குப் பிடிக்காது. தேக்கில் கதவு கேட்டால் நடுவில் பலாவை மஞ்சள் பட்டையாக ஓடவிடுவார். பூவரசில் முக்காலி கேட்டால் கால் மட்டும் வேறு நிறத்தில் நிற்கும்.

"ஒத்த மரத்துல செஞ்சா அது சாமான். ரெண்டு மரம் சேந்தாத்தேன் அது வேலை" என்பார், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்கு ஏற்ற கையும் இருந்தது. சேருகிற மரங்கள் ஒரே அளவு காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று சுருங்க ஒன்று விறைத்து நிற்க, பொருத்து வாயைப் பிளந்துவிடும். ரேகைகள் ஒரே பக்கம் ஓட வேண்டும். அடர்ந்த நிறம் கொஞ்சமாகவும் வெளிர் நிறம் தாராளமாகவும் இருக்க வேண்டும். இதையெல்லாம் அவர் அளந்து பார்ப்பதில்லை, கண்ணாலேயே தீர்மானித்துவிடுவார்.

மூன்று வருசத்துக்கு முன்னால் அவருடைய தங்கை முத்துலட்சுமியின் மகள் ஓவியாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை விஷால், கடமலைக்குண்டுக்காரன், வசதியான குடும்பம். கல்யாணத்தன்று காலையில் தாய்மாமன் கொடுத்த மணையில் பெண்ணை உட்காரவைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது முத்துலட்சுமி வீட்டு வழக்கம். மற்ற மாமன்மார் கடையில் ஒரு பலகையை வாங்கி வந்து போடுவார்கள். வீரணன் அப்படிப் போடுவாரா? கம்பத்தில் இடித்த பழைய வீட்டின் வேங்கை விட்டம் ஒன்று அவரிடம் இருந்தது. அதை அறுத்து நடுவில் வைத்தார். சுற்றிலும் பலா. இரண்டுக்கும் இடையே நூல் பிடித்தது போல வெப்பாலையின் வெள்ளைக் கோடு. பத்து நாள் வேறு வேலையைத் தொடவில்லை.

இழைப்பு மெசின் ஓட்டுகிற சுரேஷ்கண்ணன்தான் சொன்னான். "அண்ணே, வேங்கை தண்ணி பட்டா சாயம் விடும். தண்ணி எறங்காம சீலர் ரெண்டு கோட்டு அடிச்சிருவோம்."

வீரணனுக்குத் தெரியாததா? வேங்கையை இழைத்த நாளெல்லாம் வியர்வை பட்டுப் பனியன் சிவந்து போகும். சுண்ணாம்புச் சுவரில் வேங்கை உத்தரம் கறை இறக்கியதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறார். ஆனால் சீலர் அடித்தால் மூன்று நிறமும் மங்கி ஒரே மினுக்காகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

"போடா, மரத்துக்கு மேக்கப் போடச் சொல்ற. தேங்கா எண்ணெ போதும்" என்று சொல்லிவிட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

கல்யாணத்தன்று காலை ஆறரை மணிக்கு முத்துலட்சுமி வீட்டு வாசலில் மணையைப் போட்டதும் கூட்டம் கூடிவிட்டது. செல்போனில் ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை பவுனு, "ஏத்தா, இது பெயிண்டா, மரமேவா?" என்று குனிந்து தடவிப் பார்த்தாள். வீரணன் மீசையைத் தடவிக்கொண்டு, "மரமேதேன்" என்றார்.

ஓவியா சந்தன நிற நூல்புடவையில் வந்து உட்கார்ந்தாள். சுமங்கலிப் பெண்கள் ஏழு பேர், ஆளுக்கு மூன்று குடம். சிரிப்பும் குலவையுமாகத் தண்ணீர் ஊற்றி முடிய அரை மணி நேரமாயிற்று. அவள் எழுந்தபோது புடவையின் பின்பக்கத்தில் கையகலத்துக்குக் காய்ந்த ரத்த நிறத்தில் கறை.

முதலில் பார்த்தவள் பவுனு. குலவை பாதியில் நின்றது. "பொண்ணு வீட்டுக்குத் தூரமா இருக்கு. இத மொதல்லயே சொல்லக் கூடாதா? தாலி கட்டுறது முருகன் கோயில்லன்னு தெரியுமில்ல?"

"இல்ல அத்தை, எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் ஓவியா. திரும்பிப் பார்த்து முகம் வெளுத்துப் போனாள். யாரும் நம்பவில்லை. பதற்றத்தில் முன்கூட்டி வந்திருக்கும் என்று பெற்ற தாயே சொன்னாள். யாரோ ஒரு துண்டை இடுப்பில் சுற்றிவிட்டு, குற்றவாளியை அழைத்துப் போவது போல அவளை உள்ளே கூட்டிப்போனார்கள்.

கூறைப்புடவைத் தட்டோடு நான்கு அடி தள்ளி நின்றிருந்தார் வீரணன். பார்த்த கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தைந்து வருசமாகத் தன் பனியனில் பார்த்த நிறம். 'அது மரத்துச் சாயம்.' ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. வரவில்லை. இப்போதுதானே மீசையைத் தடவினோம், இப்போதுதானே ஊரே படம் எடுத்தது என்ற நினைப்பு தடுத்துவிட்டது. பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, மணையைத் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார்.

பந்தலில் பேச்சு வளர்ந்தது. கோயிலில் வேண்டாம், மண்டபத்தில் கட்டிக்கொள்ளலாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். "தொடக்கமே சரியில்லையே" என்று ஒருவர் சொன்னது பின்பக்கம்வரை கேட்டது. வீரணன் குழாயடியில் குந்தி, தேங்காய் நாரால் மணையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கத் தேய்க்கச் சிவப்புத் தண்ணீர் ஓடியது.

நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் ஓவியா. புடவை மாற்றியிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மரமா மாமா?"

"சும்மாதேன் கழுவுறேன் ஆத்தா" என்றார் அவர். அந்தப் பொய்யைச் சொன்ன வாயை அப்போதே உளியால் செதுக்கியிருக்கலாம்.

ஓவியா ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சரி விடுங்க மாமா. எங்கன கட்டுனாலும் தாலி தாலிதேன். நீங்க யார்ட்டயும் எதுவும் சொல்லிக்கிற வேணாம். இம்புட்டுப் பேரு ஒங்க வேலையப் பாத்துப் பெருமையாப் பேசுனாக." சொல்லிவிட்டு அவளே மணையை வாங்கி, முகப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாத்திவைத்துவிட்டுப் போனாள்.

இருபத்து மூன்று வயதுப் பெண். தன் மேல் விழுந்த பழியைத் தானே சுமந்துகொண்டு மாமனின் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போகிறாள். வீரணனுக்கு உடம்பு கூசியது. உட்கார முடியவில்லை.

மணையைத் தூக்கினார். ஒரு குடம் தண்ணீரையும் எடுத்துக்கொண்டார். பந்தலின் நடுவில், பவுனுவும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, மணையைப் போட்டுத் தண்ணீரை அதன் மேல் கவிழ்த்து, கட்டியிருந்த புது வெள்ளை வேட்டியோடு சப்பென்று உட்கார்ந்தார்.

"அண்ணே, என்ன செய்றீக?" என்று ஓடிவந்தாள் முத்துலட்சுமி.

"இருத்தா." சாயம் ஏறட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து சம்பந்தி வீட்டாருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். வேட்டியின் பின்பக்கத்தில் அதே கறை. "பாத்துக்கங்க. எனக்கும் வீட்டுக்குத் தூரந்தேன். வேங்கைச் சாயம். தப்பு எம்பொண்ணு மேல இல்ல, ஏம் மேல."

முதலில் சிரித்தவளும் பவுனுதான். பந்தலே சிரித்தது. ஒன்பதரை மணி முகூர்த்தத்தில் முருகன் கோயிலிலேயே தாலி கட்டினான் விஷால்.

அதற்குப் பிறகு வீரணன் பட்டறையில் எந்தப் புது மரம் வந்தாலும் ஈர வெள்ளைத் துணியைச் சுற்றி ஒரு நாள் வைத்துப் பார்க்காமல் வேலைக்கு எடுப்பதில்லை. 'கறை மாமா' என்று ஊர்ப் பிள்ளைகள் கூப்பிடுவதும் அவருக்கு உறைப்பதில்லை. உறைப்பது வேறு.

போன தை மாதம் ஓவியாவின் மகனுக்குக் காதுகுத்து. கடமலைக்குண்டில் பந்தி. அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தவரிடம் பவுனு உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மாமன்னா இவுக மாதிரி இருக்கணும். கறையப் பாத்த நிமிசமே மானத்தைப் பாக்காம ஓடியாந்து உக்காந்தாகளே! வேற யாரு செய்வா?"

பாத்த நிமிசமே. கதை ஊரில் அப்படித்தான் ஆகிவிட்டது. முத்துலட்சுமியும் அப்படித்தான் சொல்லித் திரிகிறாள். தெரிந்தும் அவர் வாய் திறக்காத ஒரு அரை மணி நேரம் இடையில் இருந்தது என்று அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருத்தி பாயச வாளியோடு அவருடைய இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

'இல்லை, நான் முதலில் ஒளிந்துகொண்டேன்.' இப்போதும் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. பவுனு பதிலுக்குக் காத்திருப்பது போல அவர் முகத்தைப் பார்த்தாள். வீரணன் மீசையைத் தொடவில்லை, வாயையும் திறக்கவில்லை.

"சாப்பிடுங்க மாமா" என்று ஓவியா இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவர் கடைசிவரை தலையை நிமிர்த்தவில்லை.